ஐந்தாம் கதவு முன்பணம்

ஜாசின்,
3-2-1951

அன்புள்ள தம்பி இராஜரட்ணத்துக்கு,

முருகன் புண்ணியத்தில் நான் சுகம். மழைக்கு முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. நீயும் பராசக்தி மச்சாளும் எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளைக்கு இழுப்பு குறைந்ததா? நெஞ்சுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம் என்று மச்சாளுக்குச் சொல்லு.

ஒரு அலுவலாக எழுதுகிறேன். வருமான வரிப் படிவம் என் பெயருக்கு வந்திருக்கிறது. போன வருடம் ரப்பர் விலை ஏறியதால் அத்தான் விட்டுப்போன பன்னிரண்டு ஏக்கரும் என்னைப் பணக்காரி ஆக்கிவிட்டது போலும். ரப்பர்க் கணக்கு விளங்குகிறது. ஆறு குடும்பங்களுக்கு விட்ட ஆறு கதவு வரிசை வீட்டு வாடகை, கதவுக்கு மாதம் முப்பத்தைந்து வெள்ளி, அதுவும் விளங்குகிறது. முன்பணம்தான் விளங்கவில்லை. கூரை மாற்றி வாடகைக்கு விட்டபோது ஒவ்வொருவரிடமும் மூன்று மாதத்து முன்பணம், நூற்றைந்து வெள்ளி வாங்கினேன் அல்லவா? கைக்கு வந்ததெல்லாம் வருமானம்தான், எழுதுங்கள் என்கிறார் பள்ளிக்கூடத்து மரியதாசன் மாஸ்டர். ஆறு பேருடையதும் அப்படியே அலுமாரியில் கிடக்கிறது. எழுதுவதா, விடுவதா?

ஐந்தாம் கதவுக்கு வந்த லாரி டிரைவர் தம்புசாமியை உனக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்திருந்தபோது நீயே இங்கிலீசில் ரசீது எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாய். தோட்டத்து லயத்தைச் சுற்றி முள்வேலி போடுகிறார்கள், கைக்குழந்தையோடு அங்கே இருக்க ஏலாது என்று வந்த மனிதன். மாதம் பிறந்ததும் முதல் வாடகை அவனுடையதுதான்.

கெதியாகப் பதில் போடு. பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அக்கா,
கனகாம்பிகை

*

கோலாலம்பூர்,
11-2-1951

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளை இரண்டு வாரமாக நன்றாக நித்திரை கொள்கிறாள். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது அனுப்புவேன்.

மாஸ்டர் சொன்னதைக் கேட்க வேண்டாம். இந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரும். முன்பணம் உங்கள் அலுமாரியில் இருக்கிற மற்றவர் காசு. வீட்டை விட்டுப் போகிற நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கடமை இருக்கும்வரை அது வருமானம் ஆகாது. வாடகைப் பாக்கிக்கு அதில் கழித்தால், அல்லது ஆள் சொல்லாமல் ஓடிப்போய் நீங்களே எடுத்துக்கொண்டால், அன்றுதான் அது உங்கள் காசு. அந்த வருடத்து வருமானத்தில் எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு சதமும் எழுத வேண்டாம். ஆறு பேரின் பெயரையும் தொகையையும் உங்கள் வாடகைக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள். படிவத்தை எனக்கு அனுப்புங்கள். தவணை கேட்டு ஆறுதலாக நிரப்பலாம். கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும்.

ஒரு நல்ல செய்தி. இங்கே தலைமைக் கிளார்க் இடம் காலியாகிறது. மூன்று பெயர் மேலே போயிருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது. பதினாறு வருடத்துக்குப் பிறகு! யாருக்கும் சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பி,
இராஜரட்ணம்

*

ஜாசின்,
15-4-1951

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

வியாழக்கிழமை பின்னேரம் தம்புசாமியைப் பிடித்துவிட்டார்கள். சாலைத் தடுப்பில் லாரியைச் சோதித்தபோது ரப்பர்த் தகடுகளுக்கு அடியில் அரிசி மூட்டை இரண்டு இருந்ததாம். காட்டிலே இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறான் என்கிறார்கள். மூட்டை ஏற்றிய கூலி தடுப்பைக் கண்டதும் குதித்து ஓடிவிட்டான். அகப்பட்டது இவன்.

மறுநாள் காலை வீட்டைச் சோதித்தார்கள். எடுத்துப்போனது கொஞ்சக் காகிதம், அதில் உன் ரசீதும் ஒன்று. அவன் பெண்சாதி இருசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். “அம்மா, லாரி ஓட்டுறது மட்டுந்தான் இவரு வேலை. அடியில என்ன வச்சான்னு இவருக்கு எப்படிம்மா தெரியும்? மாத்தா மாத்தாக்காரங்க கேட்டா நாங்க இங்கதான் இருக்கோம்னு சொல்லுங்கம்மா” என்றாள். சொல்வேன் என்றேன். போலீசார் இன்னும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நாலாம் கதவு அங்கமுத்து வேறு வந்து, “அந்த வீட்ட காலி பண்ணச் சொல்லிடுங்க லா. அவங்களோட சேத்து நமக்கும் வந்துரும்” என்கிறான்.

வழக்கு இல்லையாம், தடுப்புக் காவலாம். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. இவனுடைய முன்பணத்தை இப்போது நான் என்ன செய்வது?

அக்கா

*

கோலாலம்பூர்,
2-5-1951

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்படிப்பட்ட விஷயங்களை இனிக் கடிதத்தில் விரிவாக எழுத வேண்டாம்.

முன்பணம் பற்றி: அந்த ஆள் உங்களுக்கு வாடகை பாக்கி வைத்திருப்பான். டிசம்பர் வாடகை ஒழுங்காக வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வராவிட்டால் அந்த நூற்றைந்து வெள்ளியைப் போன டிசம்பரிலேயே நீங்கள் எடுத்துக்கொண்டதாக வைத்து 1950 வருமானத்தில் சேர்த்துவிடலாம். வரி பெரிதாக வராது. வந்தாலும் நான் கட்டுகிறேன். அந்தப் பெண்ணை அவளுடைய ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள்.

அலுவலகத்தில் வேலை அதிகம்.

இராஜரட்ணம்

*

ஜாசின்,
10-5-1951

அன்புள்ள தம்பிக்கு,

என் முழங்காலை விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. வீட்டில் ஏதும் கரைச்சலா? மச்சாளையாவது இரண்டு வரி எழுதச் சொல்லு.

டிசம்பர் வாடகையை யோசிக்கச் சொன்னாய். யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாம் தேதி காலை கொண்டுவந்து கொடுத்தான். ஜனவரி, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாம் கொடுத்திருக்கிறான். கொப்பியில் அவன் கையெழுத்து இருக்கிறது. அவன் வீட்டை விட்டு ஓடிப்போகவில்லை, தம்பி. கொண்டுபோனார்கள். திருப்பிக் கொடுக்கிற கடமை போனால்தான் அது என் காசு என்று நீ எழுதிய கடிதம் முன்னால் இருக்கிறது. அந்தக் கடமை எந்த நாளில் போயிற்று?

இந்த மாத வாடகைக்கு அதில் கழித்துக்கொள்ளும்படி இருசம்மாளே வந்து கேட்டாள். “மூணு மாசத்துக்குத் தாங்கும், அதுக்குள்ள அவரு வந்துருவாரும்மா” என்றாள். நான் கழிக்கவில்லை. கழித்தால் ஆடி மாதத்தோடு கணக்கு முடிந்துவிடும். பிறகு அவள் வெறும் கையோடு நிற்பாள். காசு கிடக்கிறவரை அவர்கள் என் குடித்தனக்காரர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவளை அனுப்பச் சொல்கிறாயே, எங்கே? பழைய தோட்டத்தில் இவன் பெயரைச் சொன்னால் வாசலில் நிறுத்துகிறார்கள். பாசார்க் கடைகளில் குழந்தைக்குப் பால்டின் கடன் கொடுக்கவும் ஆளில்லை.

என்ன நடந்தது என்று எழுது.

அக்கா

*

ஜாசின்,
28-6-1951

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. மச்சாளும் எழுதவில்லை. தபால்காரர் தெருவால் போகும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் வெறும் கையைத்தான் ஆட்டிக்காட்டுகிறார். உங்களுக்கு ஏதும் வந்துவிட்டதோ என்று மனம் ஓரிடத்தில் நிற்பதாயில்லை.

தம்புசாமியின் விஷயம் ஒரு விசாரணைக் குழுவுக்கு முன் போகுமாம். மாஸ்டர்தான் மனு எழுதிக் கொடுத்தார். பிடிபடும் நாள் மட்டும் எங்கே குடியிருந்தான் என்பதைத்தான் முக்கியமாகக் கேட்கிறார்களாம். அதற்கு என் கொப்பி போதும். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோகப் போகிறேன்.

படிவத்தின் தவணை முடிகிறதல்லவா? அதையாவது எழுது.

அக்கா

*

கோலாலம்பூர்,
5-7-1951

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளைக்கு இழுப்பு வந்து போனது, இப்போது பரவாயில்லை. முழங்காலுக்குத் தைலம் இத்துடன் வருகிறது. பதில் எழுதாதது என் பிழை.

படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் ‘ஐந்தாம் கதவு, குடியிருந்தவர் டிசம்பர் 1950இல் வெளியேறியதால் எடுத்துக்கொண்ட முன்பணம், 105 வெள்ளி’ என்று ஒரு வரி இருக்கும். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்புங்கள். அக்கா, இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைச் செய்யுங்கள். காரணம் கேட்க வேண்டாம். அந்தக் கொப்பியை எங்கும் கொண்டுபோகவும் வேண்டாம்.

உங்கள் தம்பி,
இராஜரட்ணம்

*

ஜாசின்,
22-7-1951

தம்பிக்கு,

தைலம் கிடைத்தது. பிள்ளை தேறியது கேட்டு நிம்மதி.

உன் கடிதம் வந்த அன்று கொப்பி ஏற்கெனவே என் கைப்பையில் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார். கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, “மேடம், உங்கள் தம்பி வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாரே?” என்றார்.

“என் தம்பியா? அவருக்கு இதில் என்ன?” என்று கேட்டேன்.

“ரசீதில் அவர் கையெழுத்து. ஏப்ரல் கடைசியில் கோலாலம்பூரில் விசாரித்தார்கள். இந்த ஆள் டிசம்பரிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டான், முன்பணத்தை அக்கா எடுத்துக்கொண்டார் என்று வாக்குமூலம். அவர் வரி அலுவலகத்தில் இருக்கிறவர். கொப்பி நீங்கள் வீட்டில் எழுதியது. அப்படியானால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இந்த ஆள் எங்கே இருந்தான்? காட்டிலா?” என்றார்.

தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். என் தம்பி தவறாக நினைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். வெயிலில் பஸ் நிற்கும் இடம்வரை நடந்தது ஞாபகம் இல்லை.

தம்பி, நீ எனக்குச் சொல்லாததை ஒரு இன்ஸ்பெக்டர் வாயால் கேட்டேன். படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். தவணை தப்பினால் அபராதம் கட்டுவேன்.

இருசம்மாளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல், அவள் அந்தக் கவலையில் இருக்கிறாள்.

கனகாம்பிகை

*

கோலாலம்பூர்,
30-8-1951

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி போலீசிலிருந்து இரண்டு பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அலுவலகத்துப் பெரியவர் தன்னுடைய அறையிலேயே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவரும் எழுந்து போகவில்லை. மேசையில் என் ரசீது. “இவனை உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்கள். பெரியவர் என்னைப் பார்க்காமல் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த மூன்று பெயர் உள்ள தாள் அவர் கையில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். “தெரியாது, அக்காவின் பழைய குடித்தனக்காரன், டிசம்பரிலேயே போய்விட்டான்” என்று வாய் சொல்லிவிட்டது. “முன்பணம்?” என்று பெரியவரே கேட்டார். பழக்கதோஷம். “பாக்கிக்கு எடுத்துக்கொண்டார், இந்த வருடப் படிவத்தில் வரும்” என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் டிசம்பர் என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் நம்மோடு இல்லை என்று காட்டினால் போதும் என்று பட்டது. அவனுக்கு அது எப்படிப் போய் விழும் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். யோசித்தபின்பும் உங்களிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்டேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவதை மேசையில் உட்கார்ந்து, கோடு போட்டு, இங்கிலீசில் எழுதினேன்.

பராசக்திக்கு இப்போதுதான் சொன்னேன். மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை. வேலை போனால் என்ன செய்வது, பிள்ளையின் மருந்துக்கு என்ன செய்வது என்ற எண்ணம் விட்டுப்போகவில்லை. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இராஜரட்ணம்

*

ஜாசின்,
4-9-1951

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளை சுகமாக இருக்க வேண்டும். மச்சாளோடு நீயே கதை, அவள் கதைப்பாள்.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். குழு பதினெட்டாம் தேதி கூடுகிறது. வேலை போனால் மூன்று பேரும் இங்கே வாருங்கள். ரப்பர் இருக்கிறது, வீடு இருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

இருசம்மாள் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறாள். காலையில் தனியாகப் போய்த் தனியாகத்தான் வருகிறாள்.

அக்கா

*

கோலாலம்பூர்,
23-9-1951

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்த நான்காம் நாள் போலீசுக்குப் போனேன். மூன்று மணி நேரம் மர வாங்கில் உட்கார வைத்தார்கள். முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் சொன்னாய் என்று கேட்டார்கள். பயத்தில் என்றேன். “இப்போது பயம் இல்லையா?” என்றார் ஒருவர். இருக்கிறது என்றேன். வழக்குப் போடலாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். இதுவரை போடவில்லை.

பெரியவருக்கும் நானே சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார். தலைமைக் கிளார்க் வேலை என்னைவிட ஐந்து வருடம் இளைய தனபாலனுக்குக் கிடைத்தது. எனக்கு வேலை போகவில்லை. வரிப்படிவங்களை விட்டு என்னை நீக்கித் தபால் பதியும் மேசையில் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் படிவத்தைப் புதிதாக எழுதி அனுப்புகிறேன். நான் நிரப்பும் கடைசிப் படிவம் இதுவாக இருக்கும். ஆறு முன்பணமும் வருமானத்தில் இல்லை. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவன் எப்போது வருவான் என்று தெரிந்தால் எழுதுங்கள். இருசம்மாளிடம் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் தம்பி,
இராஜரட்ணம்

*

ஜாசின்,
16-12-1951

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். பிள்ளைக்கு மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது?

தம்புசாமி புதன்கிழமை வந்துவிட்டான். வாரம் ஒரு தடவை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், லாரி ஓட்டக் கூடாது என்று விட்டிருக்கிறார்கள். பாதி ஆளாகிவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன் ஐந்தாம் கதவுக்குள் போனான்.

உனக்கு ஒன்று எழுதாமல் விட்டேன். அந்தக் குழந்தை ஆகஸ்ட் பதினோராம் தேதி இறந்துவிட்டது. காய்ச்சல் என்று எழுதியிருந்தேனே, அதுதான். நானும் இருசம்மாளும் அங்கமுத்துவும் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். தகப்பனுக்குத் தடுப்பு முகாமுக்குக் கடிதம் போட்டோம், அது போய்ச் சேரவில்லை. வாசலில் வைத்துத்தான் இருசம்மாள் சொன்னாள். நீ என்ன செய்யட்டும் என்று கேட்டபோது இதை எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. செத்த பிள்ளையைக் காட்டி உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீயாகப் போக வேண்டும் என்று இருந்தது. போனாய். அதற்காகத்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடி வைக்க ஏலாது.

அவர்கள் இருசம்மாளின் அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குத் தை பிறந்ததும் போகிறார்கள். முன்பணம் நூற்றைந்தையும் கையில் கொடுத்தேன். “எட்டு மாச வாடக நிக்குதேம்மா” என்று வாங்க மறுத்தான். வராத வாடகையை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை என்று சொல்லி என் மேசையில் வைத்துவிட்டேன். மாலையில் வந்து எடுத்துப்போனான்.

அப்போதுதான் கேட்டான். “கோலாலம்பூர் ஐயா எழுதிக் குடுத்துத்தான் என்னைய விட்டாங்கன்னு முகாம்ல சொன்னாங்கம்மா, நெசமா? அவருக்கு நான் என்ன செய்யப் போறேன்? குடும்பத்தோட நல்லா இருக்கணும் அவரு” என்றான். இருசம்மாள் அவன் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும். உன் முதல் வாக்குமூலத்தை நான் சொல்லவில்லை.

என்னால் “ஆமாம்” என்று சொல்ல முடியவில்லை, தம்பி. “இல்லை” என்றும் சொல்ல முடியவில்லை. தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஐயாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இந்த ஊரை விட்டுப் போவேன் என்றான்.

தைப்பொங்கலுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. ரயிலில் தம்பின் ஸ்டேஷனில் இறங்கினால் மத்தியானத்துக்குள் பஸ்ஸில் வந்துவிடலாம். மச்சாளையும் பிள்ளையையும் கூட்டி வா. நான் சமைத்து வைக்கிறேன். ஐந்தாம் கதவுக்கு நீ மட்டும் போ. உன்னோடு நான் வரமாட்டேன்.

உன் அக்கா,
கனகாம்பிகை